விடுபட்ட ஏடும் அறுபட்ட கோடும்

தோற்றுவாய்

தமிழ் இலக்கியம் பயில்வோர்க்குப் புறநானூற்றின் 267, 268 ஆகிய எண்கள் நன்கு அறிமுகமானவை. அவ்வெண்களுக்குரிய பாடல்கள் கிடைக்கவில்லை. ஆயினும் பதிப்பாசிரியர்கள் அவ்விடத்தை மூடிவிடவில்லை. 269ஆம் பாடலை 267 என எண் மாற்றி, நூலை முழுமையுடையதுபோலக் காட்டவுமில்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் நமக்குக் கிடைத்தில. எனினும் இரண்டாம் பத்தை இரண்டாம் பத்து என்றே வழங்குகிறோம். கிடைத்துள்ள முதற்பாட்டைப் பதினோராம் பாட்டு என்றே எண்ணுகிறோம். அடிகள் சிதைந்த இடங்களில் புள்ளியிட்டுக் காட்டுவதும் பதிப்பு மரபாகும். இல்லாததை இல்லாதது என்று, அது இருந்திருக்க வேண்டிய இடத்திலேயே குறித்து வைக்கும் இந்நெறி ஏட்டுச்சுவடிக்கு மட்டும் உரியதன்று என்பதை நாம் உணர்ந்தது நம் இல்லத்து மூலையில் இருந்த ஒரு சிறு பெட்டியால். அப்பெட்டி நில அதிர்வைப் பதிவு செய்யும் கருவி.

இயற்பியலார் எழுத வேண்டியதைத் தமிழாசிரியர் எழுதுவானேன் என்று மாணவர்கள் வினவக்கூடும். பெட்டியின் பழுதைக் கண்டறிய நமக்கு உதவியது இயற்பியலன்று. சுவடிப் பதிப்பு முறை பற்றி வகுப்பறையில் நாம் ஆண்டுதோறும் நடத்தும் பாடமே என்பது அதற்கு விடை.

கருவியும் களமும்

1897ஆம் ஆண்டு சூன் திங்களில் அசாம், ஷில்லாங் பகுதியைப் பெருநிலநடுக்கம் சிதைத்தது. அதன் விளைவாக 1898 டிசம்பர் 1ஆம் நாள் கல்கத்தாவின் அலிப்பூரில் இந்தியாவின் முதல் நில அதிர்வு ஆய்வகம் தொடங்கப்பெற்றது. மணிமேகலையை டாக்டர் உ.வே.சாமிநாதையர் அச்சேற்றியதும் அதே 1898இல்தான் என்பது நினைவுக்கு வருகிறது. அலிப்பூரை அடுத்துப் பம்பாய்க் கொலாபாவிலும் நம் கொடைக்கானல் மலையிலும் கருவிகள் அமைந்தன. ஜான் மில்ன் என்னும் ஆங்கிலேய அறிஞர் வகுத்த அக்கருவியில் ஓர் ஊசல் ஆடும். விளக்கொளி அவ்வாட்டத்தை, கடிகாரப் பொறியால் நகரும் ஒளிப்படத் தாளில் கோடாக்கும். விளக்கு அணைந்தால் கோடு அறும். கடிகாரம் நின்றால் கோடு குழம்பும். இன்றும் நிலைமை அடிப்படையில் அதுவே. விளக்கின் இடத்தில் மின்னோட்டமும், தாளின் இடத்தில் மெமரி கார்டும், கடிகாரத்தின் இடத்தில் இணையம் தரும் நேரமும் வந்துள்ளன.

நம் இல்லத்தில் உள்ளது ராஸ்பெர்ரி ஷேக் வகையைச் சார்ந்தது. பனாமா நாட்டில் உருவாகி 2016 முதல் பரவலான இவ்வகையில், ராஸ்பெர்ரி பை என்னும் சீட்டுக்கட்டு அளவிலான கணிப்பொறியோடு ஜியோஃபோன் என்னும் உணரி இணைக்கப்பட்டிருக்கும். உணரிக்குள் ஒரு காந்தமும் வில்லில் தொங்கும் கம்பிச்சுருளும் உள்ளன. நிலம் அசையும்போது சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையே எழும் நுண்ணிய மின்னழுத்தத்தைக் கருவி நொடிக்கு 100 முறை எண்ணாக்கி எழுதுகிறது. ஒரு நாளைக்கு 86,40,000 எண்கள். இரண்டு நிமிடம் நின்றால் 12,000 எண்கள் இல்லை என்று பொருள்.

இல்லம் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையை ஒட்டிய சிற்றூரில் உள்ளது. இப்பகுதியின் அடியில் பழைய தாவரப் படிவங்களைத் தாங்கிய திருப்பெரும்புதூர்ப் படிவுப்பாறைகள் உண்டெனப் புவியியலார் உரைப்பர். மேலேயோ 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது முதல், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது ஈறாகவும் அதற்குப் பின்னும், ஏரிப்பாசன வயல்கள் ஆலை வளாகங்களாக மாறின. தகட்டை அடித்து வடிவாக்கும் பெரும் அழுத்தப் பொறிகள், கண்டெய்னர் லாரிகள், ஷிப்டு முடிந்து வரிசையாக வெளிவரும் பேருந்துகள் ஆகிய அனைத்தும் மண்ணில் எழுதிச் செல்கின்றன. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது உலகெங்கும் இவ்வகை மானிட அதிர்வு சில இடங்களில் பாதியளவு குறைந்ததை 268 நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு அறிஞர்கள் சயின்ஸ் இதழில் நிறுவினர். நம் பெட்டி அப்போது இல்லை. இருந்திருந்தால் இந்தச் சாலை அடங்கிய அந்த வாரங்களைக் கண்டிருக்கலாமே என்ற ஏக்கம் உண்டு.

இங்கு நிலநடுக்கம் ஏது என்பாரும் உளர். 2001 செப்டம்பர் 25ஆம் நாள் இரவு புதுவைக் கடலில் 5.5 அளவில் எழுந்த அதிர்வு சென்னை வரை உணரப்பட்டது. அடுத்த ஆண்டு வெளியான இந்தியத் தர நிர்ணயத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்திரா அருகே 8.6 அளவு நடுக்கத்தால் சென்னை அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடிவந்ததை நம்மில் பலர் கண்டுள்ளோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை

பெட்டியை அமைத்துத் தந்தவர் நம் தங்கையின் மகன். ஒரகடம் ஆலை ஒன்றில் ஷிப்டு முறையில் பணிபுரியும் பொறியாளர். அமைத்த ஓராண்டு வரை கோடு இடையிடையே அறுவதை நாம் பொருட்படுத்தவில்லை. திரையில் ஒரு வெள்ளை இடைவெளி தெரியும். பின் கோடு தொடரும். அவ்வளவே.

ஒரு நாள் அண்டை வீட்டுப் பெரியவர் வந்தார். அவர் வீட்டுச் சுவரில் சன்னலின் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். "பாய், போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட மணி அடிச்ச நேரம், குவாரியில வெடி வச்சாங்க. அன்னிக்குத்தான் இது வந்துச்சு. உங்க பொட்டியில இருக்குமே, பார்த்துச் சொல்லுங்க" என்றார். பள்ளியின் உணவு மணி 12.40க்கு அடிக்கும்.

முதலில் நாம் தவறான இடத்தைத் திறந்தோம். இக்கருவி கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தில் எழுதும்; நம் நேரம் அதனினும் ஐந்தரை மணி முற்பட்டது. நம் 12.40 அதற்கு 7.10. நாட்கோப்பும் நள்ளிரவில் மாறாமல் நம் விடியற்காலை 5.30க்கு மாறும். இதனை அறியாதோர் 5.30 மணியில் கோப்பு முடிவதைக் கண்டு பழுதென மயங்குவர். நாமும் மயங்கியதுண்டு.

சரியான இடத்தைத் திறந்தபோது 12.38 முதல் 12.41 வரை கோடு இல்லை. அதற்கு முன்னும் பின்னும் வழக்கமான லாரி இரைச்சல்.

மருமகன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா, முந்தின வெள்ளிக்கிழமை வெடி நல்லா பதிவாகியிருக்கு. அதைக் காட்டினால் போதாதா? அதே குவாரி, அதே வெடிதானே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதன்று. பெரியவர்மேல் உள்ள பரிவில் சொன்னது. சிதைந்த பாட்டின் அடியை அதே புலவரின் வேறொரு பாட்டிலிருந்து எடுத்து நிரப்பலாமே என்று கேட்கும் மாணவரை நினைத்துக்கொண்டோம். அவரும் புலவர்மேல் கொண்ட பற்றினால்தான் கேட்கிறார்.

அந்த மூன்று நிமிடம் நம்மிடம் இல்லை என்று பெரியவரிடம் கூறினோம். "பொட்டி வச்சும் இதானா பாய்?" என்று எழுந்து போனார். அன்றிரவுதான் பழுதைத் தேடத் தொடங்கினோம்.

மூல ஏடும் படியும்

பதிப்பாசிரியர் முதலில் வினவுவது, இவ்விடம் மூல ஏட்டிலேயே இல்லையா, படியெடுத்தோர் விட்டனரா என்பதாகும். இக்கருவிக்கும் இதே வினாவே முதல் வினா. பெட்டி தான் எழுதுவதை முதலில் தன் மெமரி கார்டில் வைக்கிறது. பின்னர் இணைய வழியாகத் தொலைவிலுள்ள பொதுச் சேமிப்பகத்துக்கு அனுப்புகிறது. முன்னது மூலம், பின்னது படி. நாம் கைப்பேசியில் காண்பது பெரும்பாலும் படியையே. படியில் இடைவெளி இருந்து மூலத்தில் எண்கள் இருப்பின், கருவி நலமாக உள்ளது; ரவுட்டரிலோ வைஃபையிலோ இணையத்திலோ தடங்கல். மூலத்திலும் இல்லையெனின் குற்றம் பெட்டியிலோ மின்சாரத்திலோதான். இவ்வொரு சோதனையைச் செய்யாமல் ரவுட்டரை மாற்றுவோர் பலர். மருமகனும் புதிய ரவுட்டர் வாங்கும் எண்ணத்தில்தான் இருந்தார்.

ஓராண்டு இடைவெளிகளை ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிப் பார்த்தோம். அவை இரு குலத்தன. ஒரு குலம் மணிக்கணக்கில் நீளும். படியில் மட்டும் உள்ளது. இது வைஃபை. பெட்டி பின்னறையில் தரையில் இருந்தது. இடையே இரு சுவர்கள். ரவுட்டரிலிருந்து நேரே ஒரு வடம் இழுத்தவுடன் இக்குலம் ஏறத்தாழ மறைந்தது. இதைப்பற்றி மேலும் கூற வேண்டியதில்லை.

மற்றொரு குலமே நம்மை அலைக்கழித்தது. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம், மூலத்திலும் இல்லை, காலை 6.30 மணியை ஒட்டியும் நண்பகலை ஒட்டியும் மிகுதி. பெட்டி எவ்வளவு நேரமாகத் தொடர்ந்து இயங்குகிறது என்பதை அதன் நிலைப்பக்கம் காட்டும். ஒவ்வோர் இடைவெளிக்குப் பின்னும் அக்கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்கியிருந்தது. அஃதாவது பெட்டி அணைந்து மீண்டும் எழுந்திருக்கிறது. ஆனால் அந்நேரங்களில் மின்தடை இல்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

விடையைச் சொன்னவர் நம் துணைவியார். "நான் மோட்டார் போடும்போதெல்லாம் டியூப்லைட் மங்குதே, அதைப் பார்த்திருக்கீங்களா?" என்றார். பார்த்ததில்லை. ஓராண்டாக நிலத்தின் நுண்ணசைவை ஆய்ந்தவர்கள் தலைக்கு மேலிருந்த விளக்கைப் பார்த்ததில்லை.

ஆழ்துளைக் கிணற்று மோட்டார் தொடங்கும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மின்கம்பி வரிசையின் கடைசியில் உள்ள வீட்டில் அக்கணம் மின்னழுத்தம் தாழும். பெட்டியுடன் வந்த அடாப்டரை வேறு பயனுக்கு எடுத்துக்கொண்டு, பழைய கைப்பேசி சார்ஜரை அதில் செருகியிருந்தோம். வடமும் மெல்லிய நீள வடம். ராஸ்பெர்ரி பைக்கு 5 வோல்ட் வேண்டும்; 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது குறைமின்னழுத்த எச்சரிக்கை எழுப்பும். மேலும் தாழ்ந்தால் மயங்கி மறுபடி எழும். தாழ்வு ஒரு நொடிக்கும் குறைவு. எழுந்து பணி தொடங்கவோ இரண்டு மூன்று நிமிடம். நோய் சிறிது, பத்தியம் நெடிது.

இதில் நகைப்புக்கு இடமான ஒன்றும் உண்டு. ரவுட்டருக்கு நாம் தனி யூ.பி.எஸ். வாங்கி வைத்திருந்தோம். இணையம் அறுந்தால் வருந்தும் குடும்பம், மூலத்தை எழுதும் பெட்டிக்கு அதனை அளிக்கவில்லை. உரிய அடாப்டரைக் குட்டையான தடித்த வடத்தோடு மாட்டி, பெட்டியையும் யூ.பி.எஸ்.ஸில் சேர்த்தபின் அக்குலமும் நின்றது.

காலை 6.30 என்னும் நேரத்தை நாம் எளிதில் கடக்க இயலவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவில் நிலம் பிளக்கத் தொடங்கியது நம் நேரம் காலை 6 மணி 28 நிமிடம் 53 நொடிக்கு. அதன் முதல் அலை பாறை வழியே நம் கரையை எட்ட நான்கு நிமிடத்துக்குச் சற்று மேலாகும். எனவே 6.33. கடல் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பின்தொடரும் அலைகள் நெடுநேரம் நீடிக்குமாதலின் மூன்று நிமிட இடைவெளியால் அத்தகைய நடுக்கம் முழுதும் மறைந்துவிடாது. எனினும் நடுக்கம் எங்கே எழுந்தது என்று கணிக்கப் பயன்படுவது முதல் அலை வந்த கணமே. அக்கணம் நம் வீட்டில் தண்ணீர்த் தொட்டி நிரம்பத் தொடங்கும் கணம். அன்று இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு இல்லை. 2007 அக்டோபரில்தான் ஐதராபாத்தில் நம் நாட்டின் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது. அத்தகைய மையங்கள் தமக்கென உள்ள உயர்தர நிலையங்களைக் கொண்டே இயங்குவன. நம் பெட்டியை நம்பி இயங்குவன அல்ல. ஆயினும் 2021 ஆகஸ்ட் 14இல் எயிட்டி நாட்டை 7.2 அளவு நடுக்கம் தாக்கியபோது நிகழ்விடத்துக்கு மிக அருகிலிருந்து பதிவு செய்தவை வீடுகளில் இருந்த இதே வகைப் பெட்டிகளே. மின்தடையும் இணையத்தடையும் அன்றாடமாகிய நாடு அது. ஒன்று நின்றபோது மற்றொன்று எழுதியது. நேபாளத்தின் மேற்குப் பகுதியிலும் பள்ளிகளில் இவை வைக்கப்பட்டுள்ளன. நம் கல்லூரியிலும் ஒன்று வைக்கலாம் என்பது நம் விருப்பம். இயற்பியல் துறையார் இம்மலரைப் படிப்பார்கள் என நம்புகிறோம்.

ஏட்டெண் தொலைந்தால்

ஏடு தொலைவதைவிடக் கொடிது ஏட்டெண் தொலைவது. எண்ணில்லா ஏடுகள் கட்டவிழ்ந்து கலந்தால் எது எதன் பின் என அறியாமல் இருப்பதும் பயனற்றுப் போகும். பெட்டி அனுப்பும் ஒவ்வொரு சிறு பொட்டலத்திலும் அதன் தொடக்க நேரம் பொறிக்கப்பட்டிருக்கும். அதுவே ஏட்டெண். பழைய ராஸ்பெர்ரி பை கணிப்பொறிகளில் மின்சாரம் நின்றபின்னும் ஓடும் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. இணையத்தைக் கேட்டே நேரம் அறியும். நீண்ட மின்தடைக்குப் பின் மின்சாரம் வந்து இணையம் வராதிருப்பின், அமைப்புக்கேற்ப அது நேரம் கிடைக்கும்வரை எழுதாமல் காத்திருக்கலாம். அன்றிப் பிழையான நேரத்தோடு எழுதத் தொடங்கி, பின்னர் இணையம் வந்ததும் ஒரே தாவலாகத் திருத்திக்கொள்ளலாம். பின்னதில் ஒரே நேரத்துக்கு இரு பதிவுகள் தோன்றும். அல்லது இல்லாத இடைவெளி தோன்றும். இதற்கு மருந்து செயற்கைக்கோளிலிருந்து நேரம் பெறும் ஜி.பி.எஸ். இணைப்பு. சன்னலோரம் வானம் தெரியும்படி வைக்க வேண்டும்.

திடீரென நிற்கும் மின்சாரம் மெமரி கார்டையும் கெடுக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே கை பற்றி இழுத்தது போன்றது அது. பெட்டி மறுபடி எழாமலே இடைவெளிகள் தோன்றுமாயின் கார்டை ஐயுறுக. முதலில் உள்ளதைப் படியெடுத்துக்கொண்டு, பின்னரே புதிய கார்டு மாற்றுக. முந்துற மாற்றிவிட்டுப் பின் பழையதைத் தேடிய அனுபவமும் நமக்கு உண்டு. அதனை விரிக்க விரும்பவில்லை.

எல்லாவற்றினும் வஞ்சகமானது இடைவெளியே இல்லாத பழுது. உணரியின் கம்பி கழன்றாலும் கணிப்பொறி நிற்காது. நொடிக்கு நூறு எண்களை எழுதிக்கொண்டே இருக்கும். அவை மின்னணுச் சுற்றின் வெற்று முணுமுணுப்பு. எழுத்தறியாத ஒருவர் ஏட்டில் கீறிய கோடுகள் போல, வரி நிறைந்திருக்கும், பொருள் இராது. பகலும் இரவும், ஞாயிறும் திங்களும் கோடு ஒரே தடிப்பில் இருந்தால் ஐயம் கொள்ள வேண்டும். இச்சாலையில் அவ்வாறு இருத்தல் இயலாது. பெட்டியருகே தரையில் ஒருமுறை குதித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நம் வீட்டுச் சிறுவர்கள் இச்சோதனையைத் தேவைக்கு மிகுதியாகவே செய்கின்றனர்.

மென்பொருள்களிடமும் விழிப்பு வேண்டும். துண்டான கோப்புகளை ஒன்றாக இணைக்கும்போது சில நிரல்கள் இடைவெளியைப் பூச்சியத்தால் நிரப்பும். சில, இரு முனைகளையும் நேர்க்கோட்டால் இணைக்கும். திரையில் அது அமைதியான நிலம் போலத் தோன்றும். நிலம் அமைதியாக இருந்தது என்பதும் நாம் பார்க்கவில்லை என்பதும் ஒன்றல்ல. அன்றைய செவ்வாய்க்கிழமைக் கோப்பை இவ்வாறு இணைத்துப் பெரியவரிடம் காட்டியிருந்தால், வெடியே நிகழவில்லை என்று கருவி சான்று கூறியதாகிவிடும். வெள்ளிக்கிழமைத் துண்டை ஒட்டியிருந்தால் வேறொரு பொய். முன்னது குவாரிக்காரர்க்குச் சார்பு, பின்னது பெரியவர்க்குச் சார்பு என்பதே வேற்றுமை.

பெரியவர் மறுபடி வந்தார்

பழுது நீங்கிய பின் வெடிகள் ஒழுங்காகப் பதிவாயின. லாரியின் அதிர்வு மெல்ல எழுந்து மெல்ல அடங்கும். வெடி சுருக்கென எழுந்து சில நொடிகளில் முடியும். சில வாரங்கள் கழித்துப் பெரியவரை நாமே அழைத்துக் காட்டினோம்.

இதனைக் கொண்டு அவர் எவ்வளவு கூறலாம், எவ்வளவு கூறக்கூடாது என்பதையும் விளக்க வேண்டியிருந்தது. பிறர் வீடுகளின் அருகே வெடி அதிர்வு எவ்வளவு இருக்கலாம் என்று சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1997இல் வரையறுத்துள்ளது. சாதாரண வீடுகளுக்கு நில அசைவின் உச்ச வேகம், அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழாயின் நொடிக்கு 5 மில்லிமீட்டர். 8 முதல் 25 வரை 10. அதற்கு மேல் 15. அதனை அளப்பதற்கென அளவு சரிபார்த்த கருவிகள் உண்டு. அவற்றை அந்த வீட்டருகிலேயே வைத்து அளக்க வேண்டும். நம் பெட்டி இருப்பது நம் வீட்டில். விரிசலுக்கு வெடிதான் காரணமா, அடித்தளம் இறங்கியதா என்பதையும் அது அறியாது. எந்த நாள், எந்த நேரம் வெடி அதிர்வு எழுந்தது என்ற பட்டியலை மட்டும் அது தரும். அளந்து பார்க்குமாறு மனுக் கொடுக்க அது போதும்.

பட்டியலை மருமகன் அச்சிட்டுத் தந்தார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். அந்தச் செவ்வாய்க்கிழமையின் வரியில் விரல் நின்றது. 12.38 முதல் 12.41 வரை பதிவு இல்லை, காரணம் நம் வீட்டு மின்னழுத்தத் தாழ்வு என்று அதில் எழுதியிருந்தோம்.

"இதையும் போடத்தான் வேணுமா பாய்?" என்றார்.

போட வேண்டும் என்றோம். சற்று நேரம் தாளைப் பார்த்திருந்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.